கொழுப்பு கம்மிதான்

“...கம்மின்னுதானடி படிச்சே, பெறகு எதுக்கு நான் இந்த மாத்திரைய முழுங்கி மூஞ்சிய உப்ப வச்சுக்கிறணும்?” என்று அத்தை என் கையிலிருந்த ரத்தப் பரிசோதனைத் தாளைப் பிடுங்கினாள்.

அப்பாவின் தங்கை. வருகிற வெள்ளிக்கிழமை கந்தர்வக்கோட்டையிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அவளுக்கு ரத்தக்குழாயில் அழற்சி. குழாய் உள்ளுக்குள் தடித்து வழி சுருங்கிப்போனதில் இடது மணிக்கட்டில் நாடியே கிடைக்காது. எனக்கு அது வித்தை மாதிரி. ஸ்கூல் பிள்ளைகளைக் கூட்டிவந்து தொட்டுப் பார்க்கச் சொல்வேன். “இந்தக் கையி லீவு போட்ருச்சுடி” என்று சிரித்தபடியே நீட்டுவாள்.

புதுக்கோட்டை டாக்டர் கொடுத்த மாத்திரையில் கைவலி அடங்கியது. முகம்தான் பணியாரமாக உப்பிவிட்டது. “மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கன்னத்த மட்டும் பாத்துட்டுப் போயிருவாங்க” என்று அம்மாவே கேலி பேசினாள்.

வீட்டில் இங்கிலீஷைத் தட்டுத்தடுமாறிப் படிக்கிறவள் நான் ஒருத்திதான், ஆறாங்கிளாஸ். எங்கள் ஊருக்குத் தெரிந்த வியாதி சுகர், பிரஷர், கொழுப்பு, அவ்வளவே. குழாய் சுருங்கினால் கொழுப்புத்தான் காரணம் என்று அத்தை அதை மட்டும் படிக்கச் சொன்னாள். படித்தேன். எல்லாம் அளவுக்குக் கீழேதான். அதற்கடுத்த ஒரு வரி மட்டும் கறுகறுவென்று தடித்த எழுத்தில் இருந்தது.

“அது என்னடி?”

“தெரியல அத்தே, மூணு எழுத்துதான் போட்ருக்கு.”

“மூணு எழுத்துல என்ன வந்துரப்போவுது, விடு.”

மாப்பிள்ளை வீட்டுக்குப் பிடித்துப்போய், ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். ஆடியிலேயே அத்தை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவள்தான், எழுந்திருக்கவில்லை. அந்த மூன்றெழுத்துதான் அழற்சியின் அளவு என்று அப்புறம் டாக்டர் அப்பாவிடம் சொன்னாராம். உள்ளே அது கனன்றுகொண்டிருக்கும்போது கொழுப்பு தாளில் இறங்கிக்கூடக் காட்டுமாம். அதை நம்பியிருக்கக் கூடாதாம். மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார் என்றும் கேட்டிருக்கிறார். அப்பா வீட்டுக்கு வந்து யாரையும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

தாளைப் படித்த அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? அத்தைக்குப் பழைய முகம் வந்துவிடும் என்று எனக்கும் சந்தோஷம்தான். அவள் கொல்லைக்குப் போய் முருங்கைக்கடியில் குழி பறித்தாள். மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பிதுக்கிப் போட்டு, மண்ணைத் தள்ளி, காலால் மிதித்து மூடினாள். மினுங்குகிறதே என்று காலி அட்டையை எனக்கு விளையாடக் கொடுத்தாள்.