கடைசி வரிசைக்குக் கேட்கிறதா?

எங்கள் சித்தப்பா மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். ஸ்ரீரங்கத்தில் காதுகுத்தானாலும் கட்சிக் கூட்டமானாலும் அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான் கத்தும். ஆள் மட்டும் ஊமை மாதிரி. கடைசி வரிசைக்குப் பின்னால் போய் நிற்பார். சனங்களின் முகத்தைப் பார்த்துக் கையைக் காட்டுவார். அதற்குத் தகுந்தபடி சத்தம் ஏறும், இறங்கும்.

மேடையோரம் உட்கார்ந்து சத்தத்துக்கான குமிழைத் திருகுவதும், கம்பத்தில் ஏறிக் குழாய் கட்டுவதும் வடக்கேயிருந்து பிழைக்க வந்த ஓர் அண்ணன். தன் ஊர்க்காரர்களோடு கொள்ளிடக் கரைத் தகரக் கொட்டகையில் இருந்தார். என்னைக் கண்டால், "பாப்பா, சாப்டியா?" என்பார். அவர் தமிழில் பாதி அதுதான்.

நான் நாலாவது படிக்கையில் சித்தப்பா கவுன்சிலர் தேர்தலில் நின்றார். தெருச் சாக்கடையைச் சரிசெய்ய வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு ஆசை. ஓட்டுக் கேட்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

முதல் தெருவில் சாக்கடையைப் பற்றிப் பேசினார். கொட்டாவி விட்டார்கள். ஒரு மாமா குறுக்கே வந்தார்.

"அது கிடக்கட்டுங்க. கரையில குடிவந்திருக்கானுங்களே வடக்கத்தியானுங்க, அவனுங்கள என்ன செய்யப் போறீங்க?"

"அவங்க நம்மள என்னங்க செஞ்சாங்க?"

கதவு சாத்திக்கொண்டது.

அடுத்த தெருவிலும் அதே கேள்வி. "பார்க்கலாங்க" என்றார். மோர் வந்தது. பொழுது சாய்வதற்குள், யாரும் கேட்காமலே, "மொத வேலையே அவனுங்களக் கிளப்புறதுதாங்க" என்றார். உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார்கள். எனக்குக் கை நிறைய முறுக்கு. அரசியல் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

வீட்டில் அப்பாதான் கேட்டார்: "ஏன்டா, ஒன் பொழப்பே அந்தப் பையனாலதானடா ஓடுது?"

"சனம் எதுக்குத் தலையாட்டுதோ அதைத்தாண்ணே சத்தமா வைக்கணும். அவனை மட்டும் நான் பார்த்துக்குறேன்."

ஜெயித்தார். மாலை வாடுவதற்குள் கரைக்குப் பொக்லைன் வந்துவிட்டது. மறுநாள் ஸ்கூலுக்குப் போகும்போது பார்த்தேன். மூட்டை முடிச்சோடு எல்லோரும் ஸ்டேஷன் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். அந்த அண்ணனும் போனார். என்னைப் பார்த்தார், சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

சாக்கடை நாறிக்கொண்டே இருந்தது. அதன் பக்கத்திலேயே நன்றி அறிவிப்புக் கூட்டம். கம்பத்தில் ஏறத் தெரிந்தவர் இல்லாததால் யாரோ குழாயைக் கோணலாகக் கட்டியிருந்தார்கள். சித்தப்பா பேசினார், ஒவ்வொரு வரிக்கும் கைதட்டல். நடுவில், பழக்கதோஷத்தில் போலிருக்கிறது, கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். சனங்கள் அதற்கும் கைதட்டினார்கள்.

குழாயைப் பற்றித்தான் கவலைப்படுகிறார் என்று நினைத்து, கடைசி வரிசையிலிருந்து எழுந்து கத்தினேன்:

"நல்லாக் கேக்குது சித்தப்பா!"