பதினேழு இழை

புதன்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு நோட்டு வரும். முப்பத்தெட்டு நோட்டு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் துணிப்பையில் தூக்கிவந்து வாசற்படியில் வைத்துவிட்டு ஓடிவிடுவார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பேன். அவர்கள் தெருமுனை திரும்பிய பிறகுதான் எடுப்பேன். சின்னப் பிள்ளைகளிடம்கூட நின்று பேச எனக்கு வராது. இப்போதும் அவ்வளவாக வராது.

என் வீட்டுக்காரர் காஞ்சிபுரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் தமிழ் வாத்தியார். இது அறுபதுகளின் கடைசியில் நடந்தது. அவருக்குக் கண் பார்வை போய்க்கொண்டிருந்தது. பட்டணத்து ஆஸ்பத்திரியில், நரம்பு காய்கிறது, கண்ணாடி போட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தோம். பள்ளிக்கூடத்தில் தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பார். ரிட்டையர் ஆக இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த வகுப்பை விட்டால் அவருக்குப் போக வேறு இடம் இல்லை.

நான் ஐயம்பேட்டையில் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். அதற்கு மேல் படிக்க டவுனுக்குப் பஸ்ஸில் போகவேண்டும். நான் பஸ்ஸில் ஏறவே பயப்பட்டேன், அதோடு விட்டுவிட்டார்கள். அந்த அஞ்சாவதை வைத்துக்கொண்டுதான் முப்பத்தெட்டு நோட்டையும் அவருக்குப் படித்துக்காட்டினேன். மறுநாள் நடத்தவேண்டிய செய்யுளை முதல்நாளே இரண்டு தடவை படிப்பேன். அவருக்கு மனப்பாடம் ஆகிவிடும். வகுப்பில் புத்தகத்தைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு, பார்த்துப் படிப்பதுபோல் சொல்லுவார். பிள்ளைகள் திருப்பிச் சொல்லவேண்டும். மூச்சு எங்கே நிற்கிறதோ அங்கே மேஜையில் ஒரு தட்டு. தட்டுத் தப்பாமல் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகுதான் அர்த்தம். வருகைப் பதிவேட்டை வகுப்புத் தலைவி போடுவாள். இவர் குரலை வைத்தே யார் வரவில்லை என்று சொல்லிவிடுவார்.

எழுதுவதற்கு அவர் வைத்த சட்டம் கொஞ்சம்தான். எட்டு வரிக்கு மேல் கூடாது. நிலா, தென்றல், மலர் கூடாது. அழகு என்ற சொல் வந்தால் நோட்டு திரும்பிப் போகும். "நேத்து நீ பார்த்தது ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. அத எனக்குக் காட்டு" என்பாராம். கோயில் யானைக்குச் சொறி வந்ததை ஒருத்தன் எழுதினான். கடை கடையாகத் துண்டுப் பட்டு கேட்டு அலைந்த ஆளைப் பற்றி ஒருத்தி எழுதினாள். நான் கிணற்றடியில் காய் நறுக்கிக்கொண்டே மடியில் நோட்டை வைத்துப் படிப்பேன். அவர் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து கேட்பார். எத்தனை மார்க் என்று சொல்லுவார், நான் சிவப்பு மையில் போடுவேன். போகப் போக, "நீயே போடு" என்றுவிட்டார். அவர் எழுத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு அதே எழுத்து வந்துவிட்டது.

வெளியே போனால் நான் முன்னால் நடப்பேன். கூப்பிட்டுப் பேசிக்கொண்டு போகிற பழக்கம் என்னிடம் இல்லாததால் கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டேன். கருடசேவைக் கூட்டத்தில்கூட அந்தச் சத்தத்தை வைத்துப் பின்னாலேயே வந்துவிடுவார். எதிர்வீட்டு அம்மா, "இந்த வயசுல இன்னாம்மா டஜன் கணக்குல வளையலு, புதுப்பொண்ணாட்டம்?" என்று கேட்டாள். நான் சிரித்துவைத்தேன்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் அவர் சட்டையைத் துவைக்க எடுத்தேன். மார்பிலும் கையிலும் கஞ்சி காய்ந்து ஒட்டியிருந்தது. முழங்கையில் சிராய்ப்பு. என்ன என்று கேட்டேன்.

"ஒரு மாடு இடிச்சிடுச்சு" என்றார்.

மாட்டு மேல் ஏது கஞ்சி என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அந்த வாரம் புதன்கிழமை நோட்டுகளில் இருபதோ இருபத்தொன்றோ முடித்திருப்பேன். அடுத்தது வகுப்புத் தலைவியின் நோட்டு. நெசவாளி வீட்டுப் பெண். தலைப்பு இல்லை. வாய்விட்டுப் படிப்பதற்கு முன் கண்ணால் ஒரு தடவை ஓட்டுவது என் வழக்கம், தடுமாறக்கூடாது என்று. ஓட்டினேன்.

தெரு முழுக்கப் பாவு நீட்டி
கஞ்சி காயும் காலை நேரம்
நாயும் கீழே நுழைந்து போச்சு
மாடும் ஒதுங்கிச் சுற்றிப் போச்சு
ஐயா மட்டும் நேரே வந்தார்
அறுந்த இழையை எண்ணிப் பார்த்தோம்
அப்பா வாயைத் திறக்கவில்லை
ஐயா போன பின்பு சேர்த்தோம்

நெசவுக்கு முன்னால் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கட்டிக் கஞ்சி போட்டுக் காயவைப்பார்கள். அதுதான் பாவு. எங்கள் ஊரில் குழந்தைகூட அதில் போய் முட்டாது. பகல் வெளிச்சத்தில், இடுப்பு உயரத்தில், ஒரு தெருவையே அடைத்துக்கொண்டிருப்பது இவருக்குத் தெரியவில்லை. எழுத்துதான் தெரியாது, ஆள் நடமாட்டம், சுவர், வண்டியெல்லாம் தெரியும் என்று என்னிடம் சொல்லியிருந்தார். நானும் அப்படித்தான் என்று இருந்தேன்.

"என்ன, நின்னுட்ட?" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. கை அவரைக்காயைக் கிள்ளிக்கொண்டே இருந்தது. எதிரில் கிணறு இருந்தது. நான் நோட்டைப் பார்த்தபடியே, அதில் இல்லாததைப் படித்தேன்:

கிணற்றில் வாளி இறங்கும் போது
கயிறு மட்டும் கையில் இருக்கும்
தண்ணீர் பட்ட சத்தம் வந்தால்
வாளி போன இடம் தெரியும்

அதற்கு மேல் வரவில்லை. "நாலு வரிதான் எழுதியிருக்குது" என்றேன்.

"இன்னொரு தடவை படி" என்றார். படித்தேன். "இந்தப் பொண்ணு கண்ண மூடிக்கினு எழுதியிருக்கு" என்றார். "நாலு வரி போதும். இதத்தான் இத்தனை நாளாக் கத்திக்கினு இருக்கேன். ஒன்பது போடு."

கல்யாணம் ஆகி அத்தனை வருஷத்தில் நான் செய்த ஒன்றை அவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். ரசத்தைக்கூட உப்பு சரியாக இருக்கிறது என்றுதான் சொல்லுவார். எனக்கு உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. நோட்டில் ஒன்பது போடவில்லை. ஏழு போட்டேன். ஏன் ஏழு என்று இன்றைக்கும் தெரியவில்லை. அந்தப் பெண் மேல் கோபமாக இருக்கலாம். மூடி அடியில் வைத்துவிட்டு அடுத்த நோட்டை எடுத்தேன்.

இப்படி ஒரு பொய் சொன்னால் மறுநாள் என்ன ஆகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் பள்ளிக்கூடத்தை விட்டு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மறுநாள் வியாழக்கிழமை சாயங்காலம் அந்தப் பெண்ணே வந்துவிட்டாள். வாசலில் நின்று கூப்பிடாமல் பக்கத்துச் சந்து வழியாகக் கிணற்றடிக்கே வந்து நின்றாள். ஒல்லியான பெண். இரட்டைப் பின்னலில் ஒன்று அவிழ்ந்திருந்தது. நான் எழுந்து உள்ளே போகப் பார்த்தேன்.

"வாத்தியாரம்மா, போவாதீங்க. ஐயா தூங்குறாரா?"

படுத்திருக்கிறார் என்று தலையை ஆட்டினேன்.

"இன்னிக்கு கிளாஸ்ல என்ன எழுப்பி, கிணத்துப் பாட்டு சொல்லும்மான்னாரு. நான் கிணத்துப் பாட்டே எழுதல. முழிச்சிக்கினு நின்னேன். வெக்கப்படாதன்னாரு. சனிக்கிழம ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வர்றாராம். அவரு முன்னாடி நான் அதத்தான் சொல்லணுமாம்."

நான் அரிவாள்மணையை மடக்கி வைத்தேன்.

"நீங்கதான் கட்டினீங்களா?"

"ஆமா" என்றேன்.

"நீங்கதான் திருத்துறீங்கன்னு எங்க எல்லாருக்கும் தெரியும்மா. ஐயா மார்க்கு போட்டா நோட்டுல வெண்டக்கா விதை இருக்குமா?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அவரு கண்ணு விஷயமும் தெரியும். ஆறாவதுலேர்ந்து தெரியும். யாரும் சொல்ல மாட்டோம். நான் எழுதினது தப்புதான். பார்த்தத எழுதுன்னாரா, எழுதிட்டேன். நீங்க படிப்பீங்க, அவருகிட்ட சொல்ல மாட்டீங்கன்னு ஒரு நெனப்பு" என்றாள்.

துவைக்கிற கல்லைக் காட்டி உட்காரச் சொன்னேன்.

"அந்தக் கிணத்துப் பாட்ட எனக்குக் கத்துக்குடுங்கம்மா. சனிக்கிழம சொல்லிடுறேன். அதோட போயிடும்."

அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. கிணற்றில் வாளி இறங்கும் போது, கயிறு மட்டும் கையில் இருக்கும் என்று சொன்னேன். அதற்கு மேல் எனக்கு மறந்துபோயிருந்தது. நோட்டில் இல்லாத பாட்டு, நான் எங்கே போய்ப் பார்ப்பேன்? தண்ணீர் என்று வரும் என்றேன். "தண்ணி மேல வர்ற மாதிரி போடலாமா?" என்றாள் அவள். "வாளி முங்கினதும் கை கனக்கும், அத வைக்கலாம்." விரலில் எண்ணி எண்ணி இரண்டு பேரும் சொல்லிப் பார்த்தோம். எதுவும் உட்காரவில்லை.

"தண்ணீர் பட்ட சத்தம் வந்தால், வாளி போன இடம் தெரியும்."

பின்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. ஒரு தடவை கேட்டால் அவருக்கு மறக்காது. அதை நான் மறந்துவிட்டேன்.

அந்தப் பெண் எழுந்து நின்றாள்.

"இது இந்தம்மாது. உன்னுத சொல்லு" என்றார்.

"வேணாம் ஐயா."

"நான் வாத்தியார். நீ எழுதினத நான் கேக்கணும். சொல்லு."

அவள் சொன்னாள். தரையைப் பார்த்தபடி, தட்டுத் தப்பாமல் எட்டு வரியும் சொன்னாள். நான் கிணற்றுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். சுருட்டியதைப் பிரித்து மறுபடியும் சுருட்டினேன். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை.

"எத்தனை இழை?" என்றார்.

"என்னாது ஐயா?"

"எண்ணிப் பார்த்தோம்னு எழுதியிருக்கியே. எத்தனை?"

"பதினேழு."

"அத ஏன் எழுதல?"

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு..."

"என் கஷ்டம் உனக்கு எதுக்கு? எண்ணினேன்னு சொல்லிட்டு எத்தனைன்னு சொல்லாம விட்டா, கேக்கறவன் அங்கியே நின்னுக்கினு இருப்பான். மாத்து."

அவள் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். "எண்ணிப் பார்த்தோம் பதினேழு இழை."

"இப்ப சரி. சனிக்கிழம இதச் சொல்லு."

"மாட்டேன் ஐயா. உங்கள அனுப்பிடுவாங்க."

"நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன். எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு" என்றார். பிறகு, "அப்பாகிட்ட சொல்லு, பாவு எனக்குத் தெரியலன்னு" என்றார். அவள் அழுதுகொண்டே சந்து வழியாகப் போனாள்.

அன்றைக்கு ராத்திரியும் வெள்ளிக்கிழமை முழுக்கவும் எங்களுக்குள் அதைப் பற்றிப் பேச்சு இல்லை. சாப்பாடு போட்டேன். சாப்பிட்டார். சனிக்கிழமை காலையில் வெளுத்த வேட்டி எடுத்துக்கொடுத்தேன். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார், சரிசெய்தேன்.

பகல் பதினொரு மணிக்குத் திரும்பிவிட்டார். அந்தப் பெண்ணின் தோளில் கை வைத்துக்கொண்டு நடந்து வந்தார். அதுவரை அவர் தெருவில் யார் மேலும் கை வைத்து நடந்தது கிடையாது. அவர் உள்ளே போய் உட்கார்ந்த பிறகு, அவள் வாசலில் நின்றே சொன்னாள். இன்ஸ்பெக்டர் வந்ததும் இவர் அவளைத்தான் எழுப்பினாராம். அவள் சொன்னாளாம். இன்ஸ்பெக்டர், "நல்லாருக்கே. யாரும்மா அந்த ஐயா?" என்று கேட்டாராம். முப்பத்தெட்டுப் பேரும் வாயைத் திறக்கவில்லையாம். தலைமையாசிரியரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். அப்புறம் இவரேதான், "நான்தாங்க" என்றாராம்.

"நான் சொல்லியிருக்கக் கூடாது இல்லம்மா?" என்றாள்.

மோர் குடிக்கிறாயா என்று கேட்டேன். வேண்டாம் என்று போய்விட்டாள்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு லீவு லெட்டர் எழுதச் சொன்னார். அதற்குப் பிறகு வேலையை விடுவதாக ஒரு லெட்டர். அவர் சொன்னார், நான் எழுதினேன். கையெழுத்து மட்டும் அவர் போட்டார். காகிதத்தின் ஓரத்தைத் தாண்டிப் பாதி பலகையில் விழுந்துவிட்டது. இன்னொரு காகிதத்தில் எழுதவேண்டியதாகிவிட்டது.

"அந்தப் பாட்டுக்கு என்ன மார்க்கு போட்ட?" என்றார்.

"ஏழு."

"ஒன்பது போடு."

நோட்டு அவளிடம் இருந்தது. கேட்டு வாங்க நான் போகவில்லை. அது ஏழாகவே இருந்திருக்கும்.

பிள்ளைகள் கொஞ்ச நாள் வந்தார்கள். முழுப் பரீட்சை முடிந்து அவர்கள் வேறு பள்ளிக்கூடங்களுக்குப் போனார்கள், அந்தப் பெண்ணைத் தறியில் உட்கார வைத்துவிட்டதாகச் சொன்னார்கள். வெளியே போனால் அவர் என் தோளில் கை வைத்துக்கொண்டு வந்தார். வளையலைக் கழற்றிவிட்டேன், வேலை செய்யும்போது இடைஞ்சலாக இருந்தது.

என் நாலு வரியைப் பற்றி அவர் அதற்குப் பிறகு பேசவில்லை. நானும் கேட்கவில்லை. வேறு எதுவும் கட்டிப் பார்க்கவில்லை. புதன்கிழமை நாலரை மணிக்குக் காயும் அரிவாள்மணையும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போவேன். அவரும் வந்து கல்லின் மேல் உட்காருவார். நோட்டு வராத முதல் புதன்கிழமை, பழக்கத்தில், "படி" என்றார்.

"ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

"சரி" என்றார்.