துபாய்ப் பை

அவர் பிழைத்துக்கொண்டார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் கைக்குட்டையைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். என் வீட்டுக்காரருக்கு மூத்திரப்பையில் புற்றுநோய் வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். லப்பைக்குடிக்காட்டில் எங்கள் வீடு, பெரம்பலூர் கடைத்தெருவில் அவருக்கு ஒரு மளிகைக் கடை. வெள்ளிக்கிழமை ஆனால் கடையை மூடிவிட்டு பஸ் ஏறி வந்து எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் முதல் வரிசையில் நிற்பார். சினிமா கிடையாது, சீட்டு கிடையாது, அந்த வரிசைதான் அவருக்கு எல்லாம்.

ரொம்ப நாளாகவே அவருக்குக் கல் இருந்தது. ஒண்ணுக்குப் போய்விட்டு வரும்போது முகம் கோணிக்கொண்டு வரும். அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் அதையெல்லாம் ஒரு வியாதியாகவே யாரும் எடுத்துக்கொள்வதில்லை. பூமியே சுண்ணாம்புக் கல், தண்ணீர் வேறு எப்படி இருக்கும் என்பார்கள். நானும் வாழைத்தண்டுச் சாறு கொடுத்தேன், நெருஞ்சி முள்ளைக் காய்ச்சிக் கொடுத்தேன். டாக்டரிடம் போகலாம் என்றால், "ஊர்ல யாருக்குத்தான் கல்லு இல்ல? போடி வேலையப் பாத்துக்கிட்டு" என்பார்.

ஒரு நாள் ரத்தமாகப் போனது. அன்றைக்கு எங்கள் வீட்டில் சந்தோஷம். ஆமாம், சந்தோஷம்தான். கல் அறுத்துக்கொண்டு வெளியே வருகிறது, அதனால்தான் ரத்தம் என்று தெருவே சொன்னது. நானும் நம்பினேன். ஃபாத்திஹா ஓதி, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு கை சீனி கொடுத்தேன். ரத்தம் கொஞ்ச நாள் நின்றது, திரும்ப வந்தது, திரும்ப நின்றது. நின்றபோதெல்லாம் கல் கரைந்துவிட்டது என்றோம்.

கடைசியில் கல்லை எடுக்கத்தான் திருச்சிக்குப் போனோம். டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். உள்ளேயிருந்து ஒரு துணுக்கு எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பினார். பதில் வந்ததும் அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னை மட்டும் கூப்பிட்டார்.

"கல்லு இருக்கும்மா. ஆனா அது வருஷக்கணக்கா உரசி உரசி, அந்த எடத்துலயே புத்து வெச்சிருச்சு. எல்லாருக்கும் வர்ற வகை இல்ல, அபூர்வமான வகை. பையோட சுவரையும் தாண்டிருச்சு."

"பொழப்பாங்களா சார்?"

"கரண்டு வெச்சு சுருக்கிட்டு, மூத்திரப்பையவே எடுத்துரணும். அதுக்கு மேல என்னால ஒண்ணும் சொல்ல முடியாதும்மா."

எனக்கு அழுகை வரவில்லை. டாக்டர் மேசையில் ஒரு பேப்பர் வெயிட் இருந்தது, கண்ணாடிக்குள் நீலப் பூ. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். புரியுதா என்று கேட்டார். புரியுது சார் என்று சொல்லி முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தேன். அன்றிலிருந்து ரொம்ப நாளைக்கு எனக்கு எதுவும் உறைக்கவே இல்லை. பசித்தது, சாப்பிட்டேன். தூக்கம் வந்தது, தூங்கினேன். கல்லு மனசுக்காரி என்று அவருடைய சொந்தக்காரர்கள் என் காதுபடவே பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

கரண்டு என்கிற கதிர்வீச்சு வைத்ததில் அவருடைய அடிவயிறு கருத்துப்போனது. பிறகு ஆபரேஷன். மூத்திரப்பையை எடுத்துவிட்டு, குடலில் ஒரு துண்டை வெட்டி, வயிற்றில் வலது பக்கமாக ஒரு வாய் வைத்தார்கள். சின்னத் தக்காளி அளவுக்கு, சிவப்பாக இருக்கும். அதன் வழியாக ராப்பகலாகச் சொட்டிக்கொண்டே இருக்கும், அடக்க முடியாது. அதில் ஒட்டுகிற பை வெளிநாட்டில்தான் கிடைக்கும் என்றார்கள். பிளாஸ்டிக் கவரில் ஓட்டை போட்டு, பிளாஸ்திரியால் ஒட்டி, மேலே துணியைச் சுற்றி எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அன்றைக்குப் பார்த்து வெள்ளிக்கிழமை. சிறுவாச்சூரில் காளி கோயில் கூட்டம் மொத்தமும் எங்கள் பஸ்ஸில் ஏறியது. யாரோ ஒருவருடைய தேங்காய்ப் பை இவர் வயிற்றில் இடித்தது. நான் கையை நீட்டுவதற்குள் கவர் பிரிந்து, கைலி நனைந்து, சீட்டில் ஓடியது. பக்கத்தில் தோளை ஒட்டி உட்கார்ந்திருந்த ஆள் கீழே பார்த்தார், மூக்கைப் பொத்தினார், எழுந்து அந்தக் கூட்டத்துக்குள்ளேயே முட்டி மோதிக்கொண்டு தள்ளிப் போய்விட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட நான் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். பெரம்பலூர் வரைக்கும் அந்த இடத்தில் யாருமே உட்காரவில்லை.

அதற்கப்புறம் என் தம்பிக்குச் சொல்லியனுப்பினேன். அவன் துபாயில் வேலை பார்த்தான். எங்கள் ஊரில் துபாயிலிருந்து பெட்டி வந்தால் தெருவே கூடிவிடும். டேப் ரெக்கார்டர் வரும், சென்ட் பாட்டில் வரும், ஜிகுஜிகுவென்று சேலை வரும். எங்கள் வீட்டுக்கு வந்த பெட்டியையும் பார்க்க வந்துவிட்டார்கள். எதிர்வீட்டு அக்கா, எங்கள் பேச்சில் லாத்தா, முதல் ஆளாக ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்தார்.

"என்ன புள்ள இது, பால் கவரா?"

"ஆமா லாத்தா. ஒங்க மச்சானுக்கு மூத்திரம் புடிக்கிற கவரு. ஒங்க வூட்டுக்கும் ஒண்ணு வேணுமா?"

கையைச் சுட்டுக்கொண்டவர் போலக் கீழே போட்டார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. எனக்கு வெட்கமும் இல்லை, கோபமும் இல்லை. பைகளை அடுக்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

திருச்சிக்குக் காட்டப் போகும்போதெல்லாம் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்ப்பார். படம் எடுத்துப் பார்ப்பார். "எங்கயும் பரவல, ஆச்சரியமா இருக்கும்மா" என்பார். அல்லா அவருக்கு ஹயாத்தை, ஆயுளைக் கொடுத்துவிட்டான், வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. பின்கட்டு அறையில் சுவரைப் பார்த்துப் படுத்தவர் படுத்தவர்தான். கடை பூட்டிக் கிடந்தது. தொழுகைக்குக் கூப்பிட்டுப் பாங்கு சொல்கிற சத்தம் கேட்டால் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "மவுத்தாகாமத் தப்பிச்சு வந்துட்டு, மய்யித்து மாதிரியே கெடந்தா எப்பிடிங்க?" என்று கேட்டேவிட்டேன்.

"ஒளு நிக்காதுடி. சொட்டிக்கிட்டே இருக்கு. எதைக் கொண்டு தொழுவுறது?"

தொழுகைக்கு முன்னால் கை கால் முகம் கழுவிக்கொள்வதுதான் ஒளு. ஒரு சொட்டுக் கசிந்தாலும் அது முறிந்துவிடும், திரும்பச் செய்ய வேண்டும். துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டு நேராகப் பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஜ்ரத் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே, வயிற்று வாயிலிருந்து பை வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். உள்ளேயிருந்து ஹஜ்ரத் சொன்னார், "வியாதிக்காரருக்குச் சலுகை இருக்கும்மா. ஒவ்வொரு வேளைக்கும் புதுசா ஒரு ஒளு செஞ்சா போதும். அப்புறம் கசிஞ்சாலும் தொழுகை கூடும். பள்ளிவாசல் அசுத்தமாகாம பாத்துக்கிட்டா சரி."

வந்து சொன்னேன்.

"அல்லா மன்னிச்சிருவான். பக்கத்துல நிக்கிறவன்?" என்றார். "வரிசையில எடைவெளி விடக்கூடாது, தோளோட தோள் ஒட்டி நிக்கணும். அந்தத் தோளு நகந்துச்சுன்னா, நான் தாங்க மாட்டேன்டி."

அப்போதுதான் விளங்கியது, அவர் இன்னும் அந்த பஸ்ஸை விட்டு இறங்கவே இல்லை என்று. இதற்கு ஹஜ்ரத்தும் மருந்து சொல்ல முடியாது, டாக்டரும் சொல்ல முடியாது. என்னால் முடிந்தது பை ஒழுகாமல் பார்த்துக்கொள்வதுதான். அறைக் கதவைச் சாத்தி, பையில் தண்ணீர் ஊற்றி ஒட்டி, அவரைத் தொழச் சொன்னேன். குனிந்தபோது தாங்கியது. நெற்றியைத் தரையில் வைத்தபோது மடங்கி, ஓரத்தில் பிரிந்தது. பழைய கைலியைக் கிழித்துப் பட்டையாகத் தைத்து, பை மடங்காதபடி பக்கவாட்டில் சாய்த்துக் கட்டினேன். திரும்பத் தொழச் சொன்னேன். "பள்ளிக்கூடத்துப் புள்ளைய வாட்டுற மாதிரி வாட்டுறியே" என்றார். "ஆமா, வாட்டுறேன். குனிங்க" என்றேன். தரை காய்ந்தே இருக்கும் வரைக்கும் விடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் பூசிக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். போங்க என்றேன். அவர் போனதும் உள்ளே வந்து வெங்காயம் உரித்தேன். மனசு எங்கேயோ மரத்துப்போய்க் கிடந்தது. தோள் நகர்ந்துவிட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன். தொழுகை முடிந்து ஆட்கள் தெருவில் பேசிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. இவர் வரவில்லை. தெரு அடங்கி வெகுநேரம் கழித்துத்தான் வந்தார்.

"யாரு பக்கத்துல நின்னா?"

"கடைசி வரிசையிலதான் நின்னேன், ஓரமா." செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்தில் உட்கார்ந்தார். "எதிர்வூட்டுக்காரரு வந்து வலப்பக்கம் நின்னாரு."

எதிர்வீட்டு லாத்தாவின் புருஷன். பையைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்.

"நகந்தாரா?"

"நாந்தான் நகந்தேன். அவருக்கு எதுக்கு கஷ்டம்னு ஒரு சாண் தள்ளி நின்னேன். அவரு ஒட்டி வந்தாரு. மறுபடியும் நகந்தேன். மறுபடியும் ஒட்டி வந்தாரு. அதுக்கு மேல செவுருதான். நகர எடமில்ல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, தக்பீர் கட்டியாச்சு, தொழுதோம். சலாம் குடுத்துட்டுத் திரும்பி, 'கடைய எப்ப தொறக்குறீங்க மச்சான்? நீங்க மூடுனதுலேருந்து நல்ல வெல்லம் கெடைக்கல'ன்னாரு. அதையே பேசிக்கிட்டு நின்னுட்டோம்."

பையைக் காலி செய்ய வேண்டிய நேரம். அவரைப் படுக்கவைத்து, பட்டையை அவிழ்த்து, பையைக் கழற்றிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். ஒட்டு ஒரு இடத்தில்கூட விட்டிருக்கவில்லை. கையில் வெதுவெதுப்பாக இருந்தது. துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். நீலப் பூவைப் பார்த்த அன்றைக்கு வராத அழுகை, ஆபரேஷன் அன்றைக்கு வராத அழுகை, எல்லாம் அப்போது வந்தது. வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டும் நிற்கவில்லை.

"என்னாச்சு? கிழிஞ்சுபோச்சா?" என்று உள்ளேயிருந்து பதறிக் கேட்டார்.

"இல்லீங்க" என்றேன். "நல்லாத்தான் இருக்கு. வந்துட்டேன்."