தண்ணீர் வால்வின் சாவி

எண்பதுகளின் தொடக்கத்தில் கொச்சியில், மட்டாஞ்சேரியில் ஒரு வீட்டைப் பேசி முடித்தோம். மூன்று மாடிக் கட்டடத்தின் நடு மாடியில் இருந்தது. எட்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்தே அந்தக் கட்டடத்தை நடத்திவந்தார்கள். விற்பவர் தவிர மற்ற ஏழு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் புதிய ஆள் உள்ளே வர முடியும். அதற்காக எங்களைக் கூட்டத்துக்கு வரச் சொன்னார்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

மொட்டை மாடியில் கூட்டம். கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினேன். வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

“சேட்டன் அதிகம் பேசமாட்டாரோ?” என்றார் எங்களைப் போலவே தமிழ் பேசும் செயலாளர்.

“வீட்லயே பேசமாட்டார்,” என்றாள் என் மனைவி.

எல்லோரும் சிரித்தார்கள். “அப்ப இவர்தான் சரி. மாடி மாடியா தண்ணி திறந்துவிடற வால்வு சாவி இவர்கிட்ட இருக்கட்டும். கீழ கொடுத்தா மேல சண்டை, மேல கொடுத்தா கீழ சண்டை,” என்றார் செயலாளர்.

பேனாவைத் திறந்தார்கள். எனக்கோ புதுக் கவலை பிடித்துக்கொண்டது.

“முதல்ல எந்த மாடிக்குத் திறக்கணும்?” என்று கேட்டுவிட்டேன்.

“கீழ!” “மேல!” என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். செயலாளர் பேனாவை மூடிவிட்டார்.

மனைவி என் கையைக் கிள்ளினாள். “கையெழுத்து விழற வரைக்கும் சும்மா இருக்கக் கூடாதா?”

ஏழு கையெழுத்தும் விழ அரை மணி நேரமாயிற்று. அதுவரை நான் வாயைத் திறக்கவில்லை.