பென்னபா போடாத கீறல்

எங்கள் கரும்புத் தோட்டத்து மேனேஜர் டிராட்மனுக்குத் தன்னைப் பற்றி ரொம்ப நல்ல எண்ணம். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய்க் கருணையைப் பற்றிக் கேட்டுவிட்டு வருவான். திங்கட்கிழமை அதில் ஒரு துளி மிச்சமிருக்காது.

1834 ஆகஸ்டில் எங்கள் பார்படோஸ் தீவில் அடிமைத்தனம் ஒழிந்தது. பெரியவர்களான நாங்கள் மட்டும் இன்னும் ஆறு வருஷம் அதே தோட்டத்தில் கூலியில்லாமல் உழைக்க வேண்டுமாம். அதற்கும் விடுதலை என்றுதான் பெயர் வைத்தார்கள், வெட்கங்கெட்டவர்கள். ஆறு வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு அன்றைக்கே முழு விடுதலை. அதைத்தான் டிராட்மனால் பொறுக்க முடியவில்லை. மாட்டுக்குப் புல் பொறுக்கும் பிள்ளைக் கூட்டத்துக்கு இனி எங்கே போவான்? சட்டத்தில் ஒரு பொந்து இருந்தது. தாய் காகிதத்தில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு கீறல் போட்டால், பிள்ளை இருபத்தொரு வயது வரை தோட்டத்துக்குச் சொந்தம். விடுதலையான பிள்ளைகளைத் தோட்டத்து டாக்டர் பார்க்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு, டிராட்மன் காத்திருந்தான்.

பென்னபா என்னோடு கரும்புக்குக் குழி வெட்டியவள். அதிகம் பேசமாட்டாள். பேசினால் சுருக்கென்று தைக்கும். அவளுடைய நாலு வயது மகள் சூக்கி காய்ச்சலில் மூன்று நாளாகக் கண் திறக்கவில்லை. டிராட்மன் டாக்டரை வாசலில் நிறுத்திவிட்டுக் காகிதத்தோடு குடிசைக்குள் வந்தான்.

"ஏ பென்னபா, ஒரு கீறு கீறு. டாக்டர் உள்ள வருவார். உனக்கென்ன நஷ்டம்?"

"எத்தன வருஷத்துக்கு தொரை?"

"இருபத்தொண்ணு ஆகுற வரைக்கும்."

"நான் அடிமையாப் பொறந்தவ, எனக்கு ஆறு வருஷம். எம்மவ விடுதலையானவ, அவளுக்குப் பதினேழு. எங்கயோ இடிக்குதே தொரை. படிச்சவங்க நீங்க, நல்லாப் பாருங்க."

பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு எட்டு மைல் நடந்து பட்டணத்துக்குப் போனாள். வாசலில் நின்ற டாக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வழிவிட்டார். அவரால் முடிந்த வைத்தியம் அதுதான்.

பட்டணத்தில் ஒரு சலவைக்காரி கஷாயம் வைத்துக் கொடுத்தாள். சூக்கி பிழைத்தாள். உத்தரவில்லாமல் வேலையை விட்டுப் போனதற்காக மாஜிஸ்திரேட் பென்னபாவுக்குப் பதினாலு நாள் சிறை கொடுத்தார். அங்கே கைகளை மேலே கட்டிவிட்டு, சுற்றும் படிச்சக்கரத்தை நாளெல்லாம் மிதிக்க விடுவார்கள். கால் தவறினால் பலகை முழங்காலைச் சீவும். அவள் திரும்பி வந்தபோது முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தோலே இல்லை.

"கிறுக்கி," என்றேன் நான். "ஒரு கீறலோட போயிருக்கும்."

"உனக்குப் போச்சா?" என்றாள்.

அவள் அப்படிக் கேட்கக் காரணம், நான் ஏற்கெனவே கீறல் போட்டிருந்தேன். என் மகள் கிட்டிக்கு வந்தது வெறும் இருமல். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு ஒரு கசப்புத் தண்ணீர் கொடுத்துப் போனார். டிராட்மனை நான் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுவேன். ஆனால் அந்தக் காகிதத்தில் கோணலாக இருப்பது என் கை போட்ட கீறல்.

மறுநாள் சாயங்காலம் கிட்டியும் நானும் பென்னபாவின் குடிசையைத் தாண்டி வந்தோம். கிட்டிக்கு அஞ்சு வயசு, தலையில் புல்கட்டு. சூக்கி சேற்றில் உட்கார்ந்து சும்மா கல்லை எறிந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, சூக்கி ஏன் வேலைக்கு வரல?" என்று கேட்டாள் கிட்டி.

அவளை அறைந்தேன்.