திங்கட்கிழமை மிதந்த கட்லா

பிடித்த மீனைத் தண்ணீரில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஒருவரும் சொல்லவில்லை. நம்புவது எனக்கு வசதியாக இருந்தது, நம்பினேன்.

மனைவிக்கு அப்போது ஆறாம் மாதம். அதற்கு முன் இரண்டு தடவை கலைந்துவிட்டது. மூன்றாவது நின்றதும் தங்கவயலிலிருந்து வந்த மாமியார் முதல் நாளே என்னை உட்காரவைத்துச் சொல்லிவிட்டார். "புள்ளத்தாச்சி வூட்டுக்காரரு கையால ஒரு உசுரு போவக்கூடாது மாப்ள. சொல்லிட்டேன்."

நான் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை. "இந்த ஒரு வாட்டி கேளுங்களேன், எனக்காக," என்றாள். கண் கலங்கியிருந்தது. அன்றோடு கொசு பேட் பரணுக்குப் போனது. கரப்பான்பூச்சியைக்கூட முறத்தில் ஏந்தி வெளியே விட்டேன். ஜோகுபாளையத்திலேயே கரப்பான்கள் சொகுசாக வாழ்ந்த வீடு எங்களுடையதுதான்.

தூண்டிலை மட்டும் விட முடியவில்லை. புத்தி கெட்டவன். ஓசூர் ரோட்டுப் பக்கம் ஒரு தனியார் குளத்துக்கு ஞாயிறுதோறும் போவேன். பிடிக்கலாம், படம் எடுக்கலாம், திரும்பத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். "சாவாதில்ல?" என்று மனைவி கேட்பாள். "விட்டுடறோம்மா, எப்படிச் சாவும்?" என்பேன். ஒவ்வொரு மீனையும் விடும்போது வீடியோ எடுத்துவந்து காட்டுவேன். அது வாலை அடித்துக்கொண்டு உள்ளே போவதைப் பார்த்த பிறகுதான் அவள் சாப்பிட உட்காருவாள்.

அந்த ஞாயிறு முதலில் ஒரு ரோகு, பிறகு பெரிய கட்லா ஒன்று. கட்லாவைக் கரைக்கு இழுக்கவே அரை மணி நேரம் ஆனது. குளத்துக் காவல்காரர் போட்டோ எடுத்தார். முகத்தில் வெயில் விழுகிறது, இன்னொன்று எடுங்கள். கண்ணை மூடிவிட்டேன், இன்னொன்று. மீன் சிமென்ட் படியில் வாயைத் திறந்து திறந்து மூடியது. பிறகு விட்டேன். போனது. வீடியோவைப் பார்த்து மனைவி கைதட்டினாள்.

மறுநாள் காலை, மறந்துவிட்டு வந்த தூண்டில் பெட்டியை எடுக்க ஆபீஸ் போகும் வழியில் குளத்துக்குப் போனேன். காவல்காரர் மூங்கில் கழியால் எதையோ கரைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். வெள்ளை வயிறு. உதட்டோரம் என் முள் கிழித்த கிழிசல்.

"இது நேத்து நான் விட்டதாண்ணா?"

"ஆமா சார். எல்லாம் சாவாது. ரொம்ப நேரம் இழுத்தது, மேல ரொம்ப நேரம் வெச்சது, அதுங்கதான். போறப்ப நல்லாத்தான் போவும். மறுநாள் மிதக்கும்."

"முன்னாடியே ஏன் சொல்லல?" என்று கத்தினேன்.

"நீங்க எங்க சார் கேட்டீங்க?"

படியோரம் அந்த ரோகு ஒருக்களித்துக் கிடந்தது. செவுள் இன்னும் அசைந்தது. பேன்ட்டும் ஷூவுமாக இறங்கினேன். இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்து, செவுளுக்குள் தண்ணீர் போகும்படி மெல்ல முன்னால் தள்ளினேன். கையை எடுத்தால் சாய்ந்தது. மறுபடி நிமிர்த்தினேன். "போயிடு தாயி, உன் கால்ல விழறேன், போயிடு" என்று கெஞ்சினேன். மீனுக்கு ஏது கால்?

சட்டைப் பையில் போன் அடித்தது. காவல்காரர் படியிலிருந்தே குனிந்து எடுத்து என் காதில் வைத்தார். மனைவி.

"எங்க இருக்கீங்க? அடிவயிறு இழுக்குது. அம்மா ஆட்டோ பிடிச்சிட்டாங்க. நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க."

விட்டுவிட்டுப் போனால் இது சாகும். இது செத்தால், ஐயோ, என் புத்தி அப்படித்தான் ஓடியது. படித்தவன்தான் நான். கையை எடுக்க வரவில்லை. கடைசியில் காவல்காரர் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கி, மீனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "நான் பாத்துக்கறேன், போங்க சார்." அப்புறம் அது என்ன ஆனது என்று நான் அவரிடம் கேட்டதே இல்லை.

அடுகோடி சிக்னலில் ஹெல்மெட்டுக்குள் அழுதேன்.

டாக்டர் சொன்னார்: "ஹார்ட்பீட் இருக்கு. நாளைக்கு வரைக்கும் பாக்கணும்."

மாமியார் கையெடுத்துக் கும்பிட்டார். மனைவி என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க ஒரு உசுரையும் எடுக்கல. அதான் நிக்குது," என்றாள். "நேத்து அந்தப் பெரிய மீனைப் போடுங்க. இன்னொரு வாட்டி பாக்கறேன்."

போட்டேன். கட்லா வாலை அடித்துக்கொண்டு உள்ளே போனது.

"எவ்ளோ நல்லா போவுது பாருங்க," என்றாள்.

போறப்ப நல்லாத்தான் போவும்.

"ஆமா," என்றேன்.