வரிசையில் யானைக்கு எத்தனையாவது இடம்

எங்கள் ஊரில் யானையே வந்தாலும் தர்மகர்த்தாவின் மோட்டார் நின்ற பிறகுதான் எச்சரிக்கைச் சங்கு ஊதுமாம். தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் யாரோ இப்படிச் சொல்லிச் சிரித்ததை ஊரில் இருக்கும் என் தங்கை அனிதா கேட்டு, நெதர்லாந்தில் இருக்கும் எனக்குச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சங்குக்குப் பொறுப்பாளர் எங்கள் அக்கா சம்பங்கியின் கணவர், சென்னப்பன் மாமா.

மாமா ஓசூர் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவர். ஒருநாளும் நேரம் தவறியதில்லை. முகத்துக்கு நேராக யாரிடமும் முடியாது என்று சொன்னதுமில்லை. முதல் குணத்தை மட்டும் விசாரித்துவிட்டு, ஒரு கம்பெனி ஊருக்கு இலவசமாகக் கொடுத்த ஒயர்லெஸ் பெட்டிகளை அவரிடம் ஒப்படைத்தார்கள்.

காட்டோரத்துப் பெட்டி யானையைக் கண்டால், தண்ணீர்த்தொட்டி மேலிருக்கும் பெரிய பெட்டிக்குச் செய்தி போகும். அங்கிருந்து வீடுதோறும் இருக்கும் சங்குப் பெட்டிகளுக்கு. எல்லாமே பேட்டரி என்பதால் சங்குப் பெட்டிகள் தூங்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, ‘எனக்கு ஏதாவது உண்டா’ என்று கேட்டு, ஒரே ஒரு செய்தியை வாங்கி ஒலித்துவிட்டு மறுபடி தூங்கும். முதல் வரிசை என்று குறித்த செய்திக்காக மட்டும் சில நொடிக்கொருமுறை ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்க்கும். தாமதமானால் எது கெட்டுப்போகுமோ அதைத்தான் முதல் வரிசையில் வைக்க வேண்டும் என்று பொருத்த வந்த இன்ஜினியர் சொல்லிவிட்டுப் போனார்.

ஊருக்குத் தெரிந்த வரிசையோ ஒன்றே ஒன்று: மாரியம்மன் கோயிலில் எந்த வீட்டுக்கு முதலில் விபூதி என்பது. மூன்று தலைமுறை அடிதடிக்குப் பிறகு முடிவானது. கூட்டம் போட்டு அதையே பெட்டிக்கும் வைத்தார்கள். தர்மகர்த்தா குருமூர்த்தியின் கிணற்று மோட்டார் ஓடுகிறதா நின்றதா என்ற செய்தி முதல் வரிசை. அதற்கடுத்து அவருடைய பங்காளியின் பால் சொசைட்டி நேரம். பிறகு காதுகுத்து அழைப்புகள். யானைக்கு ஊரில் வீடும் இல்லை, அது கோயில் வரியும் கட்டுவதில்லை. கடைசி இடம்.

டிசம்பரில் ஒரு சாயங்காலம் அக்கா வயலுக்குள் யானை இறங்கியது. முதலில் பால் சொசைட்டி ஒலித்தது. பத்து நிமிடம் கழித்து ஒரு காதுகுத்து. அதற்கும் பத்து நிமிடம் கழித்து யானைச் சங்கு ஊதியபோது, யானை ராகியைத் தின்று முடித்துக் கர்நாடகா பக்கம் போயிருந்தது. அக்கா மாமாவோடு பேச்சை நிறுத்தினாள். சாப்பாடு தயார் என்பதைக்கூட அனிதா மூலமாகச் சொல்லி அனுப்பினாள்.

மாமா மறுபடி கூட்டம் கூட்டினார். நேரத்தைப் பற்றிப் பேசினால் எடுபடாது என்று தெரிந்திருந்தது.

“அண்ணா, யானைன்னா யாரு?”

“யாரு?” என்றார் தர்மகர்த்தா.

“புள்ளாருங்க. புள்ளாருக்குக் காட்டாம நம்ம மாரியம்மனுக்கே கற்பூரம் காட்டறதில்ல. உங்க மோட்டாருக்கு மட்டும் எப்பிடிங்க முன்னாடி காட்டறது?”

தர்மகர்த்தா கன்னத்தில் போட்டுக்கொண்டார். யானை முதல் வரிசைக்கு வந்தது. வயலும் மானமும் தப்பின என்று மாமா நினைத்தார்.

மறுநாளே பூவம்மாள் வந்தார். சண்டையைத் தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடிப்பவர். அவருடைய எருமை பட்டிக்குத் திரும்பாவிட்டால் வரும் செய்திக்கும் முதல் வரிசை வேண்டுமாம்.

“எமனுக்கு வண்டி எது சென்னப்பா? அவன லேட்டா வரச் சொல்லு பாக்கலாம்.”

மாமாவால் மறுக்க முடியவில்லை. பைரவர் பெயரில் ஒரு நாய் வந்தது, முருகன் பெயரில் தோட்டத்து மயில். வருணனைச் சொல்லி தர்மகர்த்தாவின் மோட்டாரும் திரும்பி வந்தது. ஒரு மாதத்தில் முதல் வரிசையில் பதினொரு செய்திகள். ஒற்றைக் கண் போதாமல், காட்டோரத்துப் பெட்டி உட்பட எல்லாப் பெட்டிகளும் தூங்குவதையே விட்டன. ஆறு மாதம் வரவேண்டிய பேட்டரி நான்கே நாளில் தீர்ந்தது. மாமா தினமும் சார்ஜ் ஏற்றிய பேட்டரியைப் பையில் போட்டுக்கொண்டு காட்டோரம் நடக்க ஆரம்பித்தார்.

தன் போனையும் அப்படியே வைத்திருந்தார். அந்த முதல் வரிசைக்காரர்கள் கூப்பிட்டால் மட்டும் மணி அடிக்கும். நான் எந்த வரிசை என்று கேட்டேன்.

“நீ நெதர்லாந்துல இருக்கற மச்சான். நீ சொல்றத நாளைக்குக் கேட்டாலும் கெட்டுப்போவாது.”

இன்ஜினியர் சொன்ன விதியை அவர் சரியாகக் கடைப்பிடித்தது என் விஷயத்தில் மட்டும்தான்.

சற்றுமுன் அக்கா கூப்பிட்டாள். எனக்கு மதியம், அங்கே ஐந்தரை மணி. ஏழு யானைகள் ரோட்டைத் தாண்டி நம் பக்கம் இறங்கியதாக பஸ்ஸில் வந்தவர்கள் சொல்கிறார்கள், சங்கு எதுவும் ஊதவில்லை. மாமா ஐந்து மணிக்கே பேட்டரியோடு காட்டோரத்துக்குப் போயிருக்கிறார்.

“நீ கூப்பிட்டியாக்கா?”

“எனக்கெங்கடா மணி அடிக்குது? எம் பேருக்கு ஒரு சாமியும் கெடைக்கலையாம்.”

தர்மகர்த்தா கூப்பிட்டால் மணி அடிக்கும். அவரோ போனை வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுக் கிணற்றில் குளிக்கிறாராம், அனிதா ஓடியிருக்கிறாள். நானும் மாமாவின் எண்ணை அழுத்திவிட்டேன். அவர் பையில் அடிக்காது என்று தெரியும். அடித்துத் தொலைத்தால் யானைக்கும் கேட்குமே என்று அதற்கும் பயம். மூன்றாவது தடவை. என் காதில் மட்டும் மணி போய்க்கொண்டிருக்கிறது.